செங்கல் சட்டை போட்ட மர வீடு: மோஸ்லி ஓல்ட் ஹால்

[காட்சி: தூரத்திலிருந்து வீடு. செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, கூரைக்கு மேலே உயர்ந்து நிற்கும் புகைபோக்கிகள்.]

இந்த வீட்டைக் கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள்.

[ஐந்து நொடி மௌனம்.]

செங்கல் வீடு என்றுதானே சொல்லத் தோன்றுகிறது? செங்கல் சுவர், களிமண் ஓடு வேய்ந்த கூரை, கதவு மாதிரி வெளியே திறக்கிற ஜன்னல்கள். இங்கிலாந்தின் கிராமப்புறச் சாலைகளில் போனால் இப்படிப்பட்ட பண்ணை வீடுகள் வழிநெடுக வரும். காரை நிறுத்தி இறங்கிப் பார்க்கத் தோன்றாது.

ஆனால் இது மர வீடு. எலும்பெல்லாம் ஓக் மரம். செங்கல் என்பது சுமார் 270 வருடம் கழித்து மேலே போட்ட சட்டை. அந்தச் சட்டைக்குள் என்ன இருக்கிறது, அதை ஏன் போட்டார்கள், வெளியே நின்றபடியே அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

[காட்சி: வரைபடம். இங்கிலாந்தின் நடுப்பகுதி. வுல்வர்ஹாம்ப்டன் நகரத்துக்கு மேலே ஒரு புள்ளி.]

வீட்டின் பெயர் மோஸ்லி ஓல்ட் ஹால். ஸ்டாஃபர்ட்ஷயர் மாவட்டத்தில், வுல்வர்ஹாம்ப்டன் நகருக்கு வடக்கே இருக்கிறது. இன்று பக்கத்திலேயே எம்54 நெடுஞ்சாலை ஓடுகிறது. 1600-ஆம் ஆண்டு வாக்கில் ஹென்றி பிட் என்பவர் இதைக் கட்டியபோது சுற்றிலும் காடு. பெயரில் ‘ஹால்’ என்று வருவதால் பெரிய மாளிகை என்று நினைத்துவிட வேண்டாம். நிலபுலன் உள்ள ஒரு குடும்பத்தின் வசதியான வீடு, அவ்வளவுதான். ஹென்றி பிட்டின் மகள் ஆலிஸ் விட்கிரேவ் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். வீடு அந்தக் குடும்பத்துக்குப் போனது. பிற்காலத்தில் பண்ணை வீடாகவே பிழைத்துக் கிடந்தது.

சரி, சுவருக்கு வருவோம்.

[காட்சி: அசைபடம். வெற்றுத் தரையில் ஒவ்வொன்றாக எழும் மரச்சட்டங்கள்.]

1600-ல் இந்தப் பக்கத்தில் வீடு கட்டுவது என்றால் முதலில் வந்து நிற்பவர் கொத்தனார் இல்லை, தச்சர். ஓக் மரத்தை வெட்டியதும், காய விடாமல் பச்சையாகவே அறுத்து இழைப்பார்கள். காய்ந்த ஓக்கில் உளி இறங்காது, அவ்வளவு கடினம். தரையோடு படுத்திருக்கிற அடிச்சட்டம், அதன் மேல் நிலைத்தூண்கள், தூண்களைக் கோக்கும் உத்திரங்கள், மூலைகளில் சாய்வுக் கைகள். இவை எல்லாவற்றையும் தச்சர் தன் பட்டறை முற்றத்திலேயே படுக்கப் போட்டு ஒருமுறை பொருத்திப் பார்ப்பார். எந்தத் துண்டு எதோடு சேர வேண்டும் என்று உளியால் ரோமன் எண்களைக் கீறி வைப்பார். அப்புறம் பிரித்து, வண்டியில் ஏற்றி, மனைக்குக் கொண்டுவந்து நிமிர்த்துவார்கள். இணைப்புகளில் இரும்பு ஆணி கிடையாது, மர முளைதான். பச்சை மரம் காயக் காயச் சுருங்கும், சுருங்கச் சுருங்க இணைப்பு இறுகும். பழைய ஆங்கில மர வீடுகள் கோணல்மாணலாக நிற்பதற்கும் இதே காரணம்தான். மரம் காயும்போது முறுக்கிக்கொண்டது, ஆனால் பிடி விடவில்லை.

[காட்சி: இரண்டு தூண்களுக்கு நடுவே குச்சிப் படல் பின்னும் கைகள். அதன் மேல் ஈரமண் அப்பும் கைகள்.]

தூணுக்கும் தூணுக்கும் நடுவே இருக்கிற கட்டத்தை எப்படி அடைப்பது? ஓக் முளைகளைச் செங்குத்தாகச் செருகி, அவற்றுக்கு ஊடாக வளையும் குச்சிகளைக் கூடை முடைகிற மாதிரி பின்னுவார்கள். அதன் இரண்டு பக்கமும் களிமண், நறுக்கிய வைக்கோல், சாணம் மூன்றையும் மிதித்துக் குழைத்து அப்புவார்கள். மேலே சுண்ணாம்புப் பூச்சு. கூரையின் பாரம் முழுவதும் மரச்சட்டகத்தின் மேல்தான் இறங்குகிறது. இந்த மண்சுவர் எதையும் தாங்கவில்லை, காற்றையும் மழையையும் மறிக்கிறது, அவ்வளவுதான். வீட்டைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும். எதையும் தாங்காத சுவர் என்றால், அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாலும் வீடு நிற்கும். பின்னால் அதுதான் நடக்கப் போகிறது.

அப்படியானால் 1600-ல் இந்த வீட்டில் செங்கல்லே இல்லையா?

இருந்தது. ஒரே இடத்தில்.

[காட்சி: கேமரா மெதுவாக மேலே ஏறி, புகைபோக்கிகளின் மேல் நிற்கிறது.]

புகைபோக்கிகளில்.

பழைய வீட்டின் வெளித்தோற்றத்தில் இன்று மிச்சமாக நிற்பவை இவைதான். கீழே இருக்கிற சுவரை மறந்துவிட்டு இவற்றை மட்டும் பாருங்கள். ஒரு சாதாரணப் பண்ணை வீட்டுக்கு இவ்வளவு உயரமான புகைபோக்கிகள் எதற்கு? இதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டின் பெருமை இருக்கிறது. அதற்கு முந்தைய காலத்தில் ஆங்கிலக் குடியானவர் வீட்டில் புகைபோக்கி கிடையாது. வீட்டின் நடுக்கூடத்தில், தரையிலேயே நெருப்பு எரியும். புகை மேலே ஏறி, கூரையெல்லாம் கரிபடிய, கிடைத்த சந்து வழியாக வெளியேறும். கூடத்துக்கு மேலே மாடி போட முடியாது, போட்டால் மாடியில் இருப்பவருக்கு மூச்சு முட்டும்.

நெருப்பைச் செங்கல் கூட்டுக்குள் அடைத்துப் புகையைக் குழாய் வழியே மேலே அனுப்பியதும் எல்லாமே மாறியது. கூடத்தின் மேல் மாடி வந்தது. மாடியில் படுக்கையறைகள் வந்தன, அவற்றுக்கும் தனித்தனிக் கணப்பு வந்தது. கூரைக்குள்ளும் அறைகள் போட முடிந்தது. எசெக்ஸ் மாவட்டத்துப் பாதிரியார் வில்லியம் ஹாரிசன் 1577-ல் வெளியான தன் நூலில், ஊர்ப் பெரியவர்கள் தங்கள் காலத்தில் நடந்த பெரிய மாற்றங்களில் ஒன்றாகப் புதிது புதிதாக முளைத்த புகைபோக்கிகளைச் சொன்னதாகப் பதிவு செய்திருக்கிறார். மோஸ்லி வீடு கட்டப்பட்டது அதற்கு இருபது, இருபத்தைந்து வருடம் கழித்து. அப்போது செங்கல் விலை உயர்ந்த பொருள். அதை நெருப்பு தொடும் இடத்தில் மட்டும் போட்டார்கள், போட்டதை ஊருக்கே தெரிகிற மாதிரி உயர்த்திக் கட்டினார்கள். எத்தனை குழல், அத்தனை கணப்பு. வழியில் போகிறவர் கூரையைப் பார்த்தே வீட்டின் வசதியை எண்ணிவிடலாம்.

இந்த வீட்டில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இதுதான். செங்கல் முதலில் மர வீட்டின் வயிற்றுக்குள் நுழைந்தது. 270 வருடம் கழித்து வெளியே வந்து வீட்டையே விழுங்கிவிட்டது.

[காட்சி: மாடி அறை. நான்கு தூண் கட்டில். அறையை ஒட்டி ஒரு சிறு உள்ளறை.]

விழுங்குவதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் இந்த வீட்டின் அமைப்பு விளங்காது.

விட்கிரேவ் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். இங்கிலாந்து அப்போது புராட்டஸ்டண்ட் நாடு. 1585-ல் வந்த சட்டப்படி ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் இங்கிலாந்து மண்ணில் இருப்பதே ராஜத்துரோகம். அவருக்கு இடம் கொடுத்தவருக்கும் மரண தண்டனை வரலாம். அதனால் நாடு முழுக்கக் கத்தோலிக்க வீடுகளில் பாதிரியார் ஒளிவதற்கென்று இடம் செய்து வைத்தார்கள். இந்தப் பொந்துகளை வீட்டுக்குள் எங்கே வைப்பது? சுவரின் தடிமனைத் தட்டிப் பார்ப்பார்கள். உள்ளே அளந்து, வெளியே அளந்து, கணக்கு உதைக்கிறதா என்று பார்ப்பார்கள். தேடி வருகிறவர்களில் கொத்தனாரும் தச்சரும் இருப்பார்கள். மண் அப்பிய மரச்சுவர் ஒரு சாண்கூட இருக்காது, அதற்குள் ஆள் ஒளிய முடியாது. தடிமனாக இருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்காத இடம் புகைபோக்கியைச் சுற்றியுள்ள பகுதிதான். படிக்கட்டின் அடி, தரைப்பலகையின் கீழ், கூரைச் சரிவின் மூலை ஆகியவை அதற்கு அடுத்தபடி. ஆகப் புதிதாக வந்த புகைபோக்கி சமைக்கவும் குளிர்காயவும் மட்டும் உதவவில்லை, ஆளை மறைக்கவும் உதவியது.

மோஸ்லியில் அந்தப் பொந்து, மாடிப் படுக்கையறையை ஒட்டிய சிறு உள்ளறையின் தரைக்குக் கீழே இருக்கிறது.

[காட்சி: கை ஒன்று தரைப்பலகையைத் தூக்குகிறது. கீழே இருட்டு.]

பலகை மூடியிருந்தால் அது வெறும் தரை. தூக்கினால் ஒரு குழி. ஆள் கால் நீட்டிப் படுக்க முடியாது, நிமிர்ந்து நிற்கவும் முடியாது. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வெளிச்சம் இல்லை. மேலே நடக்கிறவரின் காலடி தலைக்கு மேல் கேட்கும்.

1651 செப்டம்பரில் இந்தக் குழிக்குள் இறங்கியவர் ஆறடிக்கு மேல் உயரமான இருபத்தொரு வயது இளைஞர். அவர்தான் இரண்டாம் சார்லஸ் மன்னர்.

செப்டம்பர் 3 அன்று வூஸ்டர் போரில் நாடாளுமன்றப் படைத் தலைவர் கிராம்வெல்லிடம் தோற்றுத் தப்பி ஓடி வந்தவர். தலைக்கு 1,000 பவுண்டு பரிசு. பாஸ்கோபெல் என்ற இடத்தில் ஓக் மரத்தின் மேல் ஒரு பகல் முழுக்க ஒளிந்திருந்துவிட்டு, மாவு அரைக்கும் ஆலைக்காரரின் குதிரையில் பாதி வழியும் காலால் மீதி வழியுமாக, 8-ஆம் தேதி விடிவதற்கு முன் இந்த வீட்டின் பின்பக்கம் வந்து சேர்ந்தார். குடியானவர் உடை, அளவு சேராத செருப்பு, பாதம் முழுக்க ரத்தம். வீட்டுக்காரர் தாமஸ் விட்கிரேவுக்கு வந்தவர்களில் மன்னர் யாரென்று முதலில் அடையாளம் தெரியவில்லை. அந்த வீட்டில் இருந்த பாதிரியார் ஜான் ஹடில்ஸ்டன் மன்னரின் கால்களைக் கழுவி விட்டார், தன் சட்டையில் ஒன்றைக் கொடுத்தார். பாதிரியாரிடம் பாடம் படித்துக்கொண்டிருந்த மூன்று பையன்கள் ஜன்னல்களில் காவல் இருந்தார்கள்.

[காட்சி: வாசல் முகப்பின் மேல் உள்ள சிறு அறை. அதன் ஜன்னலிலிருந்து தெரியும் பாதை.]

வாசல் முகப்பின் மேல் ஒரு சின்ன அறை இருக்கிறது பாருங்கள். கூடத்துக்கு முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிற முகப்பு, அதன் தலையில் ஓர் அறை. அந்தக் காலத்து வீடுகளில் இது வழக்கமான அமைப்புதான். அங்கிருந்து பார்த்தால் வருகிற வழி முழுக்கத் தெரியும். தோற்றுப்போன தன் படை வீரர்கள் காயத்தோடு நொண்டிக்கொண்டு போவதை மன்னர் இங்கிருந்துதான் பார்த்தார்.

மறுநாள் பிற்பகல் நாடாளுமன்றப் படை வந்துவிட்டது. மன்னரைக் குழிக்குள் இறக்கிப் பலகையை மூடிவிட்டு விட்கிரேவ் ஒரு காரியம் செய்தார். மாடி அறைக் கதவுகளை எல்லாம் திறந்தே போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார். மூடிய கதவைப் பார்த்தால்தான் உள்ளே என்ன என்று சந்தேகம் வரும். வந்தவர்கள் அவரையே வூஸ்டரில் சண்டை போட்டவர் என்று பிடிக்கப் பார்த்தார்கள். உடம்பு சரியில்லாமல் வீட்டில்தான் கிடந்தேன் என்று வாதாடி, அக்கம்பக்கத்தார் சாட்சியோடு அவர்களைத் திருப்பி அனுப்பினார். அவர்கள் ஊர் எல்லை தாண்டும்வரை விட்கிரேவ் மாடிப் பக்கமே திரும்பவில்லை. அன்று இரவே மன்னர் இங்கிருந்து கிளம்பி, ஐந்து வாரம் கழித்து, அக்டோபர் 15-ல் ஷோரம் துறையிலிருந்து பிரான்சுக்குக் கப்பல் ஏறினார்.

[காட்சி: மறுபடியும் வீட்டின் செங்கல் முகம்.]

ஆக, அன்று அதிகாலை மன்னர் பார்த்தது இந்தச் சுவரை இல்லை. அவர் பார்த்தது மரச்சட்டங்களும் நடுவில் பூச்சுமாக இருந்த முகத்தை. ஜன்னல்களும் இவை இல்லை. நடுவே மரக் கம்பங்கள் வைத்துப் பிரித்த, முதலாம் எலிசபெத் ராணி காலத்து ஜன்னல்கள் அவை.

மாற்றியது எப்போது? 1870 வாக்கில். ஏன் அப்போது?

இதற்குச் செங்கல்லின் கணக்கு கொஞ்சம் தெரிய வேண்டும். 1784-ல் ஆங்கில அரசு செங்கல்லுக்கு வரி போட்டது. அமெரிக்க விடுதலைப் போரில் ஏறிய கடனை அடைக்கப் பணம் வேண்டியிருந்தது. ஆயிரம் கல்லுக்கு இரண்டரை ஷில்லிங். வரி எண்ணிக்கைக்குத்தானே என்று சூளைக்காரர்கள் கல்லைப் பெரிதாக்கினார்கள். அரசு விடவில்லை. 1803-ல், பெரிய கல்லுக்கு இரட்டை வரி என்று சட்டம் வந்தது. இந்த வரி 1850-ல்தான் ஒழிந்தது. ஜன்னலுக்கும் ஒரு வரி இருந்தது, 1696 முதல் 1851 வரை. இரண்டு வரியும் அடுத்தடுத்துப் போயின. கூடவே இயந்திரத்தில் அச்சிட்ட செங்கல் வந்தது. வுல்வர்ஹாம்ப்டன் பக்கம் களிமண்ணுக்கும் நிலக்கரிக்கும் பஞ்சமே இல்லை. கொண்டுபோக 1772-ல் திறந்த ஸ்டாஃபர்ட்ஷயர் வூஸ்டர்ஷயர் கால்வாய் ஏற்கெனவே இருந்தது, ரயிலும் வந்துவிட்டது. 1600-ல் புகைபோக்கிக்கு மட்டும் எண்ணி எண்ணிப் போட்ட பொருள், 1870-ல் ஊரில் கிடைப்பதிலேயே மலிவான பொருளாகிவிட்டது.

இன்னொரு பக்கம், மரச் சுவர் வருடா வருடம் வேலை வாங்கும். மண் பூச்சு உதிரும். தரையோடு படுத்திருக்கிற அடிச்சட்டம்தான் முதலில் உளுக்கும், மழைநீர் தெறித்துக்கொண்டே இருப்பதால். பண்ணை வீட்டில் குத்தகைக்குக் குடியிருப்பவர் அதைச் செய்யமாட்டார், நிலக்காரருக்கோ செலவு. கெட்டுப்போன கட்டங்களை எடுத்துவிட்டுச் சுற்றிலும் செங்கல் எழுப்பிவிட்டால் ஒரு தலைமுறைக்குக் கவலை இல்லை. நாடு முழுக்க இப்படித்தான் ஆயிரக்கணக்கான மர வீடுகள் செங்கல்லுக்குள் போயின.

சிலர் செங்கல்கூடப் போடாமல் அந்தத் தோற்றத்தை மட்டும் வாங்கினார்கள். சசெக்ஸ், கென்ட் பக்கம் போனால் ஒருவகை ஓடு உண்டு. மரச் சுவரின் மேல் வரிசையாக அறைந்து இடையில் சாந்து பூசினால் அசல் செங்கல் சுவர் மாதிரியே இருக்கும், கொத்தனாரே கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். மன்னர் ஓக் மரத்தில் ஒளிந்த பாஸ்கோபெல்லில் உள்ள வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே சுவரின் ஒரு பகுதியில் கறுப்புவெள்ளை மரச்சட்டங்கள் இருப்பதுபோலப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். ஒரே கதையில் வருகிற இரண்டு வீடுகள், ஒன்று மரத்தை மறைத்தது, இன்னொன்று இல்லாத மரத்தை வரைந்துகொண்டது.

[காட்சி: செங்கல் சுவரில் ஓர் அளவுகோலை வைத்துக் காட்டும் கை.]

இனி இப்படி ஒரு வீட்டின் முன்னால் நீங்கள் நின்றால் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். முதலில் கல்லின் கனம். 1500-களின் கல் பெரும்பாலும் இரண்டு, இரண்டேகால் அங்குல உயரம்தான், விளிம்பும் நேராக இருக்காது. 19-ஆம் நூற்றாண்டுக் கல் அதைவிடக் கனம், மிட்லண்ட்ஸ் என்கிற இந்த நடு இங்கிலாந்துப் பக்கத்தில் மூன்று அங்குலம் வரை போகும், இயந்திரக் கல் என்றால் எல்லாம் ஒரே அளவு. சுவரும் புகைபோக்கியும் ஒரே காலத்தவையா என்று இதை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

அடுத்தது அடுக்கு. ஒரு வரி முழுக்க நீளவாக்குக் கல், அடுத்த வரி முழுக்கத் தலை மட்டும் தெரிகிற குறுக்குக் கல் என்று மாறி மாறி வந்தால் அது இங்கிலீஷ் பாண்ட். ஒரே வரியில் நீளக் கல், குறுக்குக் கல், நீளக் கல் என்று வந்தால் பிளெமிஷ் பாண்ட். லண்டனின் கியூ என்ற பகுதியில் 1631-ல் கட்டிய டச்சு வீடு இந்த இரண்டாவது முறையை இங்கிலாந்தில் முதலில் காட்டிய கட்டடங்களில் ஒன்று. ஆகவே பிளெமிஷ் அடுக்கில் இருக்கிற சுவரைக் காட்டி இது எலிசபெத் காலத்து வீடு என்று யாராவது சொன்னால், சுவருக்குப் பின்னால் வேறொரு சுவர் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சாந்து. பழைய சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். அதை நோண்டி எடுத்துவிட்டுச் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தால் வருத்தப்படலாம். ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள் தங்கிவிடும், பனிக்காலத்தில் உறைந்து கல்லின் முகத்தை உரிக்கும். உள்ளே மரச்சட்டகமும் இருந்தால் அதற்குத்தான் முதல் அடி.

[காட்சி: வீட்டின் உள்ளே. மரப்பலகை பதித்த சுவர். பெரிய கணப்பு.]

1870-ல் செய்ததைக் கட்டடக்கலை ஆர்வலர்கள் பலர் பாழாக்கியதாகவே சொல்வார்கள். அந்த ஜன்னல்கள் போனது எனக்கும் வருத்தம்தான். ஆனால் சுவரைப் பொறுத்தவரை நான் அந்தக் கட்சி இல்லை. அன்று இந்த வீட்டுக்கு முன்னால் இருந்த வழி, அழகாகப் புதுப்பிப்பது, செங்கல் போர்த்துவது என்ற இரண்டு மட்டும் இல்லை. இடித்துவிட்டு இயந்திரச் செங்கல்லில் புதிய பண்ணை வீடு கட்டுவது என்ற மூன்றாவது வழியும் இருந்தது. எத்தனையோ வீடுகள் அப்படிப் போயின. இங்கே போர்த்தினார்கள், உள்ளே இருந்தவை தப்பின. கூடம், பலகை பதித்த அறைகள், கூரைக்கடியில் உள்ள வழிபாட்டு அறை, தரைக்கடியில் உள்ள அந்தக் குழி, எல்லாம் இருக்கின்றன.

1940-ல் வீட்டை வாங்கிய குடும்பம் பழுதுபார்க்கத் தொடங்கியது. 1962-ல், பழைய வீடுகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பிடம் கொடுத்தார்கள். அப்போது தோட்டம் புதர். உள்ளே சொல்லிக்கொள்ளும்படி ஒரு சாமானும் இல்லை. டிரஸ்ட் செங்கல்லை உரிக்கவில்லை. தோட்டத்துக்கு, வால்டர் ஸ்டோன்ஹவுஸ் என்ற யார்க்ஷயர் பாதிரியார் 1640-ல் வரைந்து வைத்திருந்த ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டது. குட்டைச் செடி வேலியும் பரப்பிய சரளைக் கல்லுமாகக் கோலம் போட்டதுபோல ஒரு தோட்டம். மேல் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால்தான் அதன் வடிவம் முழுதாகத் தெரியும்.

[காட்சி: நான்கு தூண் கட்டில். மெதுவாக அருகே போகிறோம்.]

அப்புறம் இந்தக் கட்டில். மன்னர் படுத்த கட்டில் இது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விலைபோய் மேண்டர் என்ற வுல்வர்ஹாம்ப்டன் குடும்பத்திடம் இருந்தது. 1962-ல் வீடு கைமாறியபோது அவர்கள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பழைய அறையிலேயே நிற்கிறது. கட்டிலிலிருந்து சில எட்டு வைத்தால் அந்த உள்ளறை, அதன் தரையில் அந்தப் பலகை.

[காட்சி: பலகை மூடுகிறது. இருட்டு.]